பூஜையில் வைத்த லேப்டாப்பும் நான் மறைத்த மூன்று நாட்களும்

செந்திலுக்கு அப்பா எழுதுவது.

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று தினமும் போனிலேயே கேட்டுவிடுவதால் கடிதத்தில் நலம் விசாரிக்க ஒன்றும் மிச்சமில்லை. நேராக விஷயத்துக்கு வந்துவிடலாம். ஆனால் உன் அப்பன் நேராக விஷயத்துக்கு வந்ததைப் பார்த்த மனிதர் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இதுவரை பிறக்கவில்லை என்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொள். உன் அம்மா இதை ஏற்கெனவே படித்துவிட்டு நான்கு இடங்களில் பென்சிலால் ‘பொய்’ என்று எழுதியிருக்கிறாள். அவற்றை அழிக்காமலே அனுப்புகிறேன். நித்யாவும் படிக்கலாம். அடுத்த மாதம் இந்தக் குடும்பத்துக்குள் வரப்போகிறவள், உள்ளே என்ன சரக்கு இருக்கிறது என்று தெரிந்துகொண்டே வரட்டும். விஷயம் இதுதான்: பன்னிரண்டு வருஷமாக உன்னிடம் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். சொன்னால் நீ என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவாயோ என்று பயம். முன்பு ஒருமுறை நிறுத்தியிருக்கிறாய். ஆகவே இந்தப் பயத்தில் மட்டும் மிகை எதுவும் கிடையாது.

போன மாதம் நிச்சயதார்த்தம் முடிந்து எல்லாரும் கேசரியும் பஜ்ஜியுமாக உட்கார்ந்திருந்தபோது, உன் பழைய லேப்டாப் கதையை நித்யாவிடம் சொன்னாய். “எங்கப்பா மூணு நாள் என்கூடவே அலைஞ்சாரு. கடைசியில அவர்தான் கண்டுபிடிச்சாரு. அந்த மூணு நாளை என்னால மறக்கவே முடியாது” என்றாய். நித்யா என்னை ஒரு மகானைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். எனக்குக் கேசரி தொண்டையில் நின்றுவிட்டது. எல்லாரும் முந்திரிப்பருப்பு அடைத்துக்கொண்டது என்று நினைத்து முதுகில் தட்டினார்கள். அடைத்துக்கொண்டது முந்திரி இல்லையடா.

முதலில் நீ பேசாமல் இருந்த காலத்தைச் சொல்ல வேண்டும். நித்யாவுக்குத் தெரியாது பார். நீ கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்தபோது கே.கே. நகரில் நம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் என் இலையைச் சுற்றிப் பத்துப் பேர். பத்துப் பேர் கூடினால் எனக்குள் ஒரு சக்கரவர்த்தி எழுந்து உட்கார்ந்துகொள்வான் என்பது உனக்குத் தெரியும். யாரோ “பையன் எப்படிப் படிக்கிறான்?” என்று கேட்டார்கள். “அவன் வைத்திருக்கிற அரியரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், படி ஏறாமலே உச்சிப்பிள்ளையாரை நேருக்கு நேராகப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம்” என்றேன். மண்டபமே குலுங்கியது. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு நேர் பின்னால், அடுத்த பந்தி வரிசையில் நீ உட்கார்ந்திருந்தாய். சாம்பார் சாதத்தோடு இலையை மூடிவிட்டு எழுந்து போனாய். உனக்கு இருந்த அரியர் இரண்டு. இரண்டே இரண்டு.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்தது மூன்று வார்த்தை: ‘உம்’, ‘சரி’, ‘சாப்பிட்டேன்’. விடுதியிலிருந்து வருவாய், அம்மாவோடு பேசுவாய், மாடி வீட்டு மாமியோடு பேசுவாய், தெருவில் போகிற பசுவோடுகூடப் பேசுவாய். நான் வந்தால் மூன்றில் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாய். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்கு வார்த்தை கிடைக்கவில்லை. ஊரில் இருக்கிற அத்தனை வார்த்தையையும் மொத்தக் கொள்முதல் செய்து வைத்திருப்பவனுக்கு அந்த ஒன்று மட்டும் கையிருப்பில் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு நித்யாவைப் பற்றி நாலு பேர் முன்னால் ஒரு நகைச்சுவை சொல்ல உனக்கும் தோன்றும். நம் ரத்தம் அப்படி. சொல்வதற்கு முன்னால் அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று திரும்பிப் பார். உன்னிடம் அப்பனாக நான் சொல்லக்கூடிய அறிவுரை அநேகமாக இது ஒன்றுதான்.

உன் கடைசி வருஷத்தில் ஆயுத பூஜை வந்தது. உறையூரில் நம் மோட்டார் வைண்டிங் கடையில் இருந்த காயில் சுற்றும் மெஷின், ஸ்பேனர், மீட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கேஸ் அடுப்பு, கிரைண்டர், அம்மாவின் கத்தரிக்கோல், என் ஸ்கூட்டர், எதையும் விடவில்லை. சுவாமி படத்துக்கு முன்னால் உன் லேப்டாப்பும் இருந்தது. கல்லூரி சீனியரிடம் நீ வாங்கிய பழைய பெட்டி. உன்னிடம் பேச முடியாதவன் அதனிடமாவது என் அன்பைக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. மூடியில் ஒரு பெரிய பொட்டு, நான்கு மூலைக்கு நான்கு, முன்விளிம்பில் வரிசையாக ஏழு என்று ஒரு கிண்ணம் சந்தனத்தைக் காலி செய்தேன். ஸ்ரீரங்கத்தில் இதுவரை எந்த லேப்டாப்புக்கும் அப்படி ஒரு அலங்காரம் நடந்ததில்லை. மறுநாள் விஜயதசமி காலையில், நீ எழுவதற்குள், காய்ந்துபோன சந்தனத்தை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து வைத்தேன்.

நீ எழுந்து வந்து அதைத் திறந்தாய். மாடி வீட்டு மாமி அமெரிக்காவில் இருக்கும் மகன் முகத்தைப் பார்ப்பதற்காக வைத்திருந்த வைஃபைதான் நமக்கும். பாஸ்வேர்டை அவரே உனக்குக் கொடுத்திருந்தார். அன்று ஒரு கோடுகூட வரவில்லை. மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாய். “எனக்கு நன்னா வரதேடா கொழந்தை, உன் பொட்டியைப் பாரு” என்று மாமி சொன்னது கீழே வரை கேட்டது. நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னென்னவோ தட்டினாய். வைஃபை கார்டின் டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும் என்று அதை அடியோடு அழித்தாய். அதற்கப்புறம்தான் சிக்கல் தெரிந்தது. புது டிரைவர் இன்டர்நெட்டில் இருக்கிறது. இன்டர்நெட் வர டிரைவர் வேண்டும். ஒரு பென்டிரைவை எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடினாய்.

நீ போனதும் நான் பெட்டியைப் புரட்டிப் பார்த்தேன். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் மோட்டார் ஓடவில்லை என்று யார் வந்து நின்றாலும், கழற்றுவதற்கு முன்னால் ஸ்விட்சைப் பார்ப்பது என் தொழில் வழக்கம். கடைக்கு வருகிற மோட்டாரில் பாதி அதிலேயே பிழைத்துப் போய்விடும். லேப்டாப்பின் முன்விளிம்பில், நான் ஏழு பொட்டு வைத்த இடத்தில், அரிசி அளவுக்கு ஒரு தள்ளு ஸ்விட்ச். பக்கத்தில் கோபுரமும் அலையுமாக ஒரு குட்டிப் படம். ஸ்விட்ச் இடதுபக்கம் ஒதுங்கியிருந்தது. அது திரும்பி வரவேண்டிய பள்ளம் முழுக்கச் சந்தனம் சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. அழுத்தித் துடைத்ததில் நானே அதை அணைத்து, நானே பூசி மெழுகியிருக்கிறேன். ஒரு ஊக்கு எடுத்துச் சுரண்டினால் ஒரு நிமிஷ வேலை. நீ வந்ததும் சொல்லலாம் என்று ஊக்கைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த நிமிஷம் வரை நான் நல்லவன்தான் என்று எழுதிக்கொள்.

நீ வந்தாய். கொண்டு வந்த டிரைவரைப் போட்டாய். அந்த லேப்டாப் மாடலிலேயே மூன்று விதமான கார்டு உண்டாம்; நீ கொண்டு வந்தது வேறு கார்டுக்கு. மஞ்சள் முக்கோணத்தில் ஒரு ஆச்சரியக்குறி வந்து நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் நீ என்னைப் பார்த்து, “அப்பா, இங்க வாங்களேன். இந்த நம்பரை வாசிங்க, நான் எழுதிக்கறேன். இதை வெச்சுத் தேடினா எந்தக் கார்டுன்னு தெரிஞ்சிடும்” என்றாய். இரண்டு வருஷத்துக்கப்புறம்! வாங்களேன் என்கிறாய், வாசிங்க என்கிறாய், காரணம் வேறு சொல்கிறாய். எனக்குக் காது அடைத்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தேன். ஒரு முழத்துக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த அந்த நம்பரை வேதபாராயணம் மாதிரி ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். நீ சிரித்தாய். ஊக்கு பையிலேயே இருந்தது.

சாயங்காலம் திரும்பவும் பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பியபோது “நானும் வரேன்” என்றேன். “வாங்க” என்றாய். வழியெல்லாம் டிரைவர் என்றால் என்ன என்று விளக்கினாய். “கார்டு கை மாதிரிப்பா, விண்டோஸ் மூளை மாதிரி. நடுவுல நரம்பு வேணுமில்ல, அதுதான் டிரைவர்.” “அப்ப உன் பெட்டிக்கு இப்ப பக்கவாதமா?” “ஆமாம்பா, ஒரு பக்கம் வரலை.” நாம் இரண்டு பேரும் ராஜகோபுரத்துக்கு முன்னால் நின்று சிரித்த சிரிப்பில் கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் கொள்ளிடத்தைத் தாண்டிப் பறந்து போயின. (இங்கே அம்மாவின் முதல் ‘பொய்’.) அன்று கொண்டு வந்தது சரியான கார்டுக்கான டிரைவர்தான், ஆனால் அறுபத்து நாலு பிட். உன் விண்டோஸ் முப்பத்திரண்டு. அதுவும் உள்ளே போக மறுத்துவிட்டது. நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இரண்டாம் நாள் காலையில் அன்வர் வந்தான். நித்யா, அன்வர் யார் என்று உனக்குத் தெரியாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து இவனோடு ஒரே பெஞ்சு. பாலக்கரை வீட்டில் அவனும், இங்கே இவனுமாகத் தூங்கினார்களே தவிர மீதி நேரமெல்லாம் ஒரே ஆள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். மறுநாள் சாயங்காலம் அவனுக்கு ஷார்ஜாவுக்கு ஃப்ளைட். அன்றைக்குப் பையன்கள் எல்லாரும் அவனை வழியனுப்ப முக்கொம்புக்குப் போவதாக ஏற்பாடு. வாசலில் பைக்கை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான்.

“டேய், எல்லாரும் வெயிட்டிங், வாடா.”

“இதை முடிச்சுட்டு வந்துடறேன்டா. நீ போய் இறங்கினதும் இதுல முகம் பார்த்துப் பேசணுமில்ல? அதுக்குத்தான் இவ்வளவும்.”

“முகத்தைத்தான் இப்ப நேர்லயே காட்டிக்கிட்டு நிக்கறேனே, லூசு!” என்றவன், என் பக்கம் திரும்பினான். “அப்பா, நீங்களாச்சும் சொல்லுங்கப்பா. இந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டு வரச் சொல்லுங்க.”

செந்தில், இந்த இடத்தில்தான் நான் எழுதவும் முடியாமல் இரண்டு நாள் பேனாவை மூடி வைத்திருந்தேன். ஊக்கு பையில் இருந்தது. ஒரு நிமிஷ வேலை. நீ பைக்கில் ஏறிப் போயிருப்பாய். போனால் திரும்பி வரும்போது பழைய மூன்று வார்த்தையோடு வருவாயோ என்று தோன்றியது. நான் அன்வரைப் பார்த்து, “ஒரு வேலைன்னு எடுத்தா முடிக்கணுமில்ல தம்பி” என்றேன். அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு பைக்கை உதைத்தான். நீ தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இரண்டு வருஷத்துக்கப்புறம் முதல்முறையாக நம்பியிருந்தாய்.

அன்று ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் தில்லை நகருக்குப் போனோம், அங்கே ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் பழைய டிரைவர்களை எல்லாம் சிடியில் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு. காவிரிப் பாலத்தில் பஸ் நின்றது. ஆறு இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே நீ கேட்டாய்: “அன்னிக்குக் கல்யாணத்துல ஏன்ப்பா அப்படிச் சொன்னீங்க?”

“எல்லாரும் சிரிக்கட்டுமேன்னுதான்.”

“அந்த எல்லாரும்ல நான் உண்டா, இல்லையா?”

உன் கையைப் பிடித்துக்கொண்டேன், நீ இழுத்துக்கொள்ளவில்லை. பாலம் முடிவதற்குள் இரண்டு பேப்பரிலும் ஏன் போனது, விடுதியில் எத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தாய், எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய வரம் அந்தப் பஸ் பயணம். (அம்மா இங்கே பென்சிலை எடுக்கவில்லை.) ஆனால் அதே நேரத்தில் முக்கொம்பில் அன்வர் உனக்காக வழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது எனக்குத் தெரிந்திருந்தது. உனக்குத் தெரிந்திருந்தும், ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று நீ நினைத்துக்கொள்ளும்படி நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கடைக்காரர் இல்லை, மறுநாள் வரச் சொன்னார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் சரியான டிரைவர் கிடைத்தது. வீட்டுக்கு வந்து போட்டாய். ஆச்சரியக்குறி மறைந்தது. “வந்துடுச்சுப்பா!” என்று கத்தினாய். ஆனால் வைஃபை வரவில்லை. எப்படி வரும்? உன் முகம் அப்படியே விழுந்தது. மணியைப் பார்த்தாய், கண் கலங்கியது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. “தூசியா இருக்கும், இரு” என்று சொல்லிவிட்டு, மகா நிபுணன்போல ஊக்கை எடுத்து விளிம்பைச் சுரண்டினேன். ஸ்விட்ச் வலதுபக்கம் நகர்ந்தது. நீல விளக்கு எரிந்தது. நீ என்னைக் கட்டிக்கொண்டு, “நீங்க ஜீனியஸ்பா!” என்றாய். நான் அந்தப் பட்டத்தையும் வாங்கிக்கொண்டேன்.

ஆட்டோவில் ஏர்போர்ட்டுக்குப் பறந்தோம். அன்வர் உள்ளே போய்விட்டிருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வரிசையில், அவன் முதுகும் ஒரு நீலப் பையும் தெரிந்தது. நீ கண்ணாடியைத் தட்டினாய். காவலர் அதட்டினார். அவன் திரும்பவில்லை. அப்புறம் அந்த லேப்டாப்பில் நாலைந்து தடவை முகம் பார்த்துப் பேசினீர்கள். அவனுக்கு ஷிஃப்ட் மாறியது, உனக்கு வேலை வந்தது, யாருடைய நம்பரோ மாறியது. நீ அவனைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாய். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வேண்டியவர்கள் பட்டியலை அனுப்பினாயே, நூற்றுப் பதினான்கு பேரில் அவன் பெயர் இல்லை.

நிச்சயதார்த்தம் முடிந்த வாரம் நான் பாலக்கரைக்குப் போய் அவன் வீட்டில் விசாரித்தேன். அன்வர் திரும்பி வந்து நாலு வருஷம் ஆகிறது. காந்தி மார்க்கெட்டில் அவன் மச்சானோடு சேர்ந்து வெங்காய மண்டி நடத்துகிறான். நமக்கு ஒரு பஸ் தூரத்தில்! போய் நின்றேன். தாடி வைத்திருக்கிறான், லேசாகத் தொப்பை. பார்த்ததும் எழுந்து ஓடி வந்தான்.

“செந்தில் அப்பா! வாங்க, வாங்க, உட்காருங்க. டீ சொல்றேன்.”

“ஒரு விஷயம் சொல்லணும். கேட்டுட்டு, டீ குடுக்கலாமா வேணாமான்னு நீயே முடிவு பண்ணு.”

மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உச்சிப்பிள்ளையாரும் இல்லை, புறாவும் இல்லை. இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நான் சொன்ன கதைகளிலேயே சின்னது அதுதான்.

“நான் வாசல்ல நின்னப்போ உங்களுக்குத் தெரியுமாப்பா?”

“தெரியும்.”

அவன் ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோலைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். “நான் என்ன நினைச்சேன் தெரியுமா? எனக்கு விசா வந்துடுச்சு, அவனுக்கு இன்னும் அரியரே முடியலைன்னு அவனுக்கு என்மேல கடுப்பு, அதான் வரலைன்னு நினைச்சுட்டேன். ஏர்போர்ட்ல கண்ணாடியைத் தட்டினான் இல்ல? எனக்குக் கேட்டுச்சு. வேணும்னேதான் திரும்பலை.”

நான் பத்திரிகையை எடுத்தேன். “கல்யாணத்துக்கு நீ வரணும்.”

“அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப இதை நீங்களே வெச்சுக்குங்கப்பா. முதல்ல அவனுக்குச் சொல்லுங்க. அப்புறம் அவன் கூப்பிடட்டும், இன்ஷா அல்லாஹ் குடும்பத்தோட வரேன். நீங்க கூப்பிட்டு வர மாட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க.” அதற்குப் பிறகு டீ சொன்னான்.

அதனால் சொல்லிவிட்டேன். பக்கத்தில் ஒருத்தன் இருக்க வேண்டும் என்றால் ‘இருடா’ என்று வாயைத் திறந்து கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்கத் தெரியாமல் உன் சிநேகிதனிடமிருந்து உன்னைத் திருடிக்கொண்டேன். இதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மண்டபத்தில் சொன்னதற்கும் சேர்த்து.

அன்வரின் நம்பரை அந்தப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே. அவனுக்குச் செய். அந்த மூன்று நாள் அவனுடையது. மூன்று நாளும் அவனோடு பேசித் தீர்த்துவிட்டு, நாலாவது நாள் என்னைக் கூப்பிடு. திட்டுவதற்காக என்றாலும் சரி, முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். நீளமாகத் திட்டு.

அப்பா